துண்டுப் பிரசுரமும் தொழிலாளர் இழப்பீடும்

சென்ற மாதம் நமது சங்கத்தின் வாசகசாலை மேசைமீது துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வழவழப்பான தாள், நான்கு வண்ண அச்சு, தலைக்கவசம் அணிந்த தொழிலாளி ஒருவர் புன்னகை புரியும் படம். "விபத்தா? கவலையை விடுங்கள்! நூற்றுக்கு 98 கோரிக்கைகள் தீர்வு! மருத்துவச் செலவில் 30 விழுக்காடு மிச்சம்! பாதி நாளில் மீண்டும் வேலைக்கு! விபத்துகள் பாதியாகக் குறையும்! நாடெங்கும் 10,000 மருத்துவமனைகள்! இந்த ஓர் அட்டை இருந்தால் வேறெதுவும் வேண்டாம்!" என்று அதில் கண்டிருந்தது. தொழிலாளருக்கு நேரும் விபத்துகளுக்கு மருத்துவ ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி அதைக் கொண்டுவந்து தந்து, சங்கத்தின் சார்பில் கூட்டம் ஒன்று கூட்டித் தருமாறும் கேட்டிருந்தார்.

ஆங்கிலமும் மலையாளமும் வாசிக்கத் தெரிந்தவர் என்ற முறையில், அதைப் படித்து அபிப்பிராயம் கூறுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்தார்கள். கூட்டத்தில் நான்கு வார்த்தை பேசி முடித்திருக்கலாம். ஆயினும் எழுத்தில் வைப்பதே முறையென்று எண்ணினோம். அதற்குக் காரணம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

2021 ஆம் ஆண்டில் சித்தூர்ப் பக்கத்து மரம் அறுக்கும் மில் ஒன்றில் இதே போன்ற பிரசுரம் ஒன்று கொடுக்கப்பட்டது. அந்த மில்லில் வேலை செய்வோர் ஏழே பேர். அவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர். நமது சங்கத்து உறுப்பினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அத்தாளை நம்மிடம் கொண்டுவந்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். நாம் வாசித்தோம். "நல்ல திட்டமாகவே தோன்றுகிறது, அண்ணாச்சி" என்றும் சொன்னோம். மறு வருடம் ஆடி மாதத்தில் இரம்பம் அவருடைய வலக்கைக் கட்டைவிரலைக் கொண்டுபோய்விட்டது. பிறகு நடந்தவற்றைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவோம். எழுத்தை வாசிக்கத் தெரிந்த நமக்கு விளம்பரத்தை வாசிக்கத் தெரியவில்லை என்பதை அன்று உணர்ந்தோம். அந்தப் பாடத்தைச் சங்கத்துக் குடும்பங்கள் யாவரும் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் தந்திருப்பது என்ன?

விளம்பரம் தருவதாகச் சொல்வதை எடைபோடுமுன், சட்டம் ஏற்கனவே நமக்குத் தந்திருப்பது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். கையிருப்பு இன்னதென்று அறியாதவன் கடைக்குப் போனால் ஏமாறவே செய்வான்.

வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு ஈடு செய்வது முதலாளியின் கடமை என்ற கொள்கை 1884 இல் ஜெர்மனியிலும், 1897 இல் இங்கிலாந்திலும் சட்டமாயிற்று. நமது நாட்டில் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. நாடு விடுதலையடைந்த பின், 1948 இல் ஊழியர் அரசாங்கக் காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது, இயற்றப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில் அத்திட்டம் 1955 இலும், கேரளத்தில் 1956 இலும் தொடங்கிற்று. தேயிலை, ஏலம் முதலிய தோட்டங்களில் மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். இவையனைத்தும் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் அடக்கப்பட்டு, அத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 ஆம் தேதி முதல் அமலுக்கு வந்துள்ளன. இழப்பீடும் இ.எஸ்.ஐ.யும் 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கின்றன. சட்டத்தின் பெயர் மாறினும் உரிமையின் அடிப்படை மாறவில்லை.

வேலையில் அடிபட்டவனுக்கு மூன்று வகை நட்டம் உண்டு. முதலாவது மருத்துவச் செலவு. இரண்டாவது வேலைக்குப் போக இயலாத நாட்களின் கூலி. மூன்றாவது, காயம் ஆறிய பின்னும் திரும்பி வராத உழைப்புத் திறன். இந்த மூன்று கணக்கையும் வாசகர்கள் மனத்தில் வேறு வேறாக எழுதிக்கொள்ள வேண்டும். கட்டுரை முழுதும் இது பயன்படும்.

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு முதற் கணக்கில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. இரண்டாவது கணக்கில், வேலை விபத்தானால், சராசரி நாட்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். மூன்றாவது கணக்கில், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் திறனிழப்புக்கு ஏற்ப ஆயுள் முழுவதும் மாதத்தொகை உண்டு. வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

இ.எஸ்.ஐ.க்குள் வராத சிறு பட்டறைகளிலும் மில்களிலும் தோட்டங்களிலும் இழப்பீட்டுச் சட்டம் துணை நிற்கும். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி ஏற்க வேண்டும். நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வரும் தொகை. மரணமானால் 50 விழுக்காட்டைப் பெருக்கி வரும் தொகை. ஓர் உறுப்பு மட்டும் போயிருந்தால், அட்டவணையில் அதற்குக் குறித்துள்ள விழுக்காடு. இவை ஒருவர் தயவால் தரும் தொகையன்று. கணக்கிட்டுக் கேட்டுப் பெறும் தொகை.

பிரசுரம் யாருக்கு எழுதப்பட்டது?

இனி, இத்தகைய அட்டைகளை விற்கும் நிறுவனங்களைப் பார்ப்போம். இவற்றுட் சில காப்பீட்டு நிறுவனங்கள். சில மருத்துவமனைகளின் கூட்டமைப்புகள். சில, காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே நின்று கணக்குப் பார்க்கும் மூன்றாம் தரப்பு நிர்வாகிகள். இந்த மூன்றாம் வகையினருக்கு நம் நாட்டில் 2001 ஆம் ஆண்டு முதல் விதிமுறைகள் உள்ளன. ஒரு கோரிக்கையை மறுக்கும் அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்துக்கே உரியது. இடையில் நிற்கும் நிர்வாகிக்கு அன்று. ஆகவே "எங்கள் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள்" என்று ஓர் ஏஜெண்டு வாயால் சொன்னால், "மறுத்தவர் யார்? எழுத்தில் தாருங்கள்" என்று கேட்கலாம்.

இந்நிறுவனங்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் கூறவில்லை. நள்ளிரவில் அடிபட்டவனை முன்பணம் கேளாமல் மருத்துவமனை ஏற்றுக்கொள்ளுமானால் அது பெரிய உதவியே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டைக்குப் பணம் கொடுப்பவர் முதலாளி அல்லது காண்டிராக்டர். ஆகவே பிரசுரமும் அவர் மனம் குளிருமாறே எழுதப்படுகிறது. "30 விழுக்காடு மிச்சம்" என்றால் மிச்சம் யாருக்கு? "பாதி நாளில் வேலைக்கு" என்றால் அவசரம் யாருக்கு? சரக்குக்கு விலை கொடுப்பவர் ஒருவர், அதை உண்பவர் வேறொருவர் என்றால், உண்பவரே ருசியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வாக்குறுதிகள்

முதல் வாக்குறுதி: "நூற்றுக்கு 98 கோரிக்கைகள் தீர்வு." இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எண்ணிக்கையிலா, தொகையிலா என்பது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 100 பேர் கோரிக்கை அனுப்புகிறார்கள். அவர்களுள் 95 பேருக்குச் சிறு காயம், தலைக்கு 5,000 ரூபாய், முழுவதும் கொடுக்கப்பட்டுவிட்டது. மீதி ஐவருக்குக் கை கால் போயிற்று, தலைக்கு 4,00,000 ரூபாய், ஐந்தும் மறுக்கப்பட்டன. எண்ணிக்கைப்படி 95 விழுக்காடு தீர்வு என்று விளம்பரம் செய்யலாம். கேட்ட மொத்தத் தொகையோ 24,75,000 ரூபாய், கொடுத்தது 4,75,000. நூற்றுக்கு 19 பங்கே கொடுபட்டது. இரண்டும் பொய்யல்ல. ஆனால் கை இழந்தவனுக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு. மேலும், கேட்டதில் பாதி கொடுத்ததையும் "தீர்வு" என்றே எழுதுவதுண்டு. ஏஜெண்டு "இது கிடைக்காது, விண்ணப்பமே போட வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இரண்டாவது வாக்குறுதி: "செலவில் 30 விழுக்காடு மிச்சம்." எந்த விலையிலிருந்து 30 விழுக்காடு? ஆடித் தள்ளுபடியில் ஜவுளி வாங்கிய நம் இல்லத்தரசியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதாரணமாக 10,000 ரூபாய் பெறும் சிகிச்சைக்கு 14,000 என்று பில் எழுதி, அதில் 30 விழுக்காடு தள்ளினால் 9,800 வரும். உண்மையான மிச்சம் 200 ரூபாயே. பிரசுரத்தில் மிச்சம் 4,200 ரூபாய். இன்னொரு வழியும் உண்டு. எலும்பு முறிவுக்குப் பின் பத்து முறை செய்ய வேண்டிய உடற்பயிற்சிச் சிகிச்சையை நான்கு முறையோடு நிறுத்தினாலும் செலவு குறையும். அந்த மிச்சத்தை நம் தோள்பட்டையும் முழங்காலும் பின்னால் கொடுத்துத் தீர்க்க வேண்டிவரும்.

மூன்றாவது வாக்குறுதி: "பாதி நாளில் மீண்டும் வேலைக்கு." இதை விளக்க நமது இலாகா உதாரணம் ஒன்று கூறுவோம். ஒரு ரெயில் வண்டி குறித்த நேரத்தில் சேர்ந்ததா என்பதைக் கடைசி நிலையத்தை வைத்து எண்ணுவது வழக்கம். கால அட்டவணையில் கடைசி நிலையத்துக்கு முன்னுள்ள சிறு தூரத்துக்குக் கூடுதல் நிமிடங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். வழியில் நாற்பது நிமிடம் தாமதித்த வண்டியும் கடைசியில் நேரத்தோடு சேர்ந்துவிடும். இடையில் இறங்கிய பிரயாணி பஸ்ஸைத் தவறவிட்டது எந்தப் பதிவேட்டிலும் இராது. எங்கே நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து உண்மை மாறித் தோன்றும்.

அவ்வாறே, கட்டுப் போட்ட கையோடு ஒருவரை ஆலைக்கு வரவழைத்து, வாயிற்கதவருகே ஸ்டூலில் உட்கார வைத்தால் அதுவும் "வேலைக்குத் திரும்பினார்" என்றே எழுதப்படும். மூன்று மாதம் கழித்து அவர் அங்கே இருக்கிறாரா? பழைய கூலி வாங்குகிறாரா? அதே வேலையைச் செய்கிறாரா? இவற்றைக் கேட்க வேண்டும். "தகுதி உண்டு" என்று சான்று எழுதிய மருத்துவர் யாருடைய சம்பளம் பெறுகிறவர் என்பதையும் கேட்க வேண்டும். காயம் ஆறுமுன் வேலைக்குப் போனால் இரண்டாவது கணக்கான விடுப்புக் கூலி குறையும். மூன்றாவது கணக்கிலும் "இவர்தான் வேலை செய்கிறாரே" என்று வாதிக்க இடமுண்டாகும்.

நான்காவது வாக்குறுதி: "எங்கள் திட்டம் வந்த பின் விபத்து பாதியாயிற்று." எந்த மாதங்களை எந்த மாதங்களோடு ஒப்பிட்டார்கள்? மூணாறு, பீர்மேடு மலைகளில் வேலை செய்வோர் அறிவார்கள். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் கொழுந்து எடுக்கும் சரிவில் வழுக்கி விழுவதும், கூடையோடு உருளுவதும் மிகுதி. தை, மாசியில் குறைவு. மழைக்காலக் கணக்கை முன்னும், வெயிற்காலக் கணக்கைப் பின்னும் வைத்தால், ஒருவரும் ஒன்றும் செய்யாமலே விபத்து குறையும். மற்றொன்று: ஒரு முதலாளி எப்போது இத்திட்டத்தை வாங்குகிறார்? விபத்து மிகுந்த கெட்ட ஆண்டு ஒன்று கழிந்ததும் வாங்குகிறார். வழக்கத்துக்கு மாறாகக் கெட்டுப்போன ஆண்டுக்கு அடுத்த ஆண்டு பெரும்பாலும் பழைய அளவுக்குத் தானே திரும்பும். அந்தப் பெருமையை அட்டை எடுத்துக்கொள்கிறது. இதை அறிய வழி ஒன்றே. திட்டத்தில் சேராத, அதே மாதிரியான வேறு ஆலையில் அதே மாதங்களில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது வாக்குறுதி: "நாடெங்கும் 10,000 மருத்துவமனைகள்." நாடெங்கும் இருந்து நமக்கு என்ன? வட்டவடையிலிருந்தும், மறையூரிலிருந்தும், வண்டிப்பெரியாற்றிலிருந்தும், நெல்லியாம்பதியிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் சேரக்கூடியவை எத்தனை? குமுளிப் பக்கத்தார் தேனிக்கும், பாலக்காட்டார் கோயம்புத்தூருக்கும் ஓடுவது வழக்கம். மாநில எல்லையைத் தாண்டினால் அட்டை செல்லுமா? அந்த மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் இரவில் இருப்பாரா? பட்டியலைக் கேட்டு வாங்கி, நமக்கு அருகிலுள்ள மூன்று பெயர்களைக் குறித்து, அந்த மருத்துவமனைக்கே போய் "இந்த அட்டையை ஏற்கிறீர்களா?" என்று விசாரிப்பதே சோதனை.

ஆறாவது வாக்குறுதிதான் மிக ஆபத்தானது: "இந்த அட்டை இருந்தால் வேறெதுவும் வேண்டாம்." மேலே நாம் எழுதிவைத்த மூன்று கணக்குகளை இங்கே நினைவுகூர வேண்டும். மருத்துவ அட்டை முதற் கணக்கை மட்டும், அதுவும் ஒரு வரம்பு வரையில், தீர்க்கிறது. இரண்டாவது, மூன்றாவது கணக்குகள் அப்படியே நிற்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், அரசு தனியே விலக்கு அளித்தாலன்றி, இ.எஸ்.ஐ.க்குப் பதிலாகத் தனியார் அட்டையை வைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் பங்கு கூலியில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. இது 2019 ஜூலையில் ஏற்பட்ட விகிதம். "இ.எஸ்.ஐ.யைவிட இது மலிவு" என்று பிரசுரம் சொன்னால், மலிவானது முதலாளியின் 3.25 என்பதை அறிக.

வெளிநாட்டு அனுபவம்

இத்தகைய ஏற்பாடுகள் அமெரிக்காவில் 1990களிலேயே பெருகின. அங்கே வாஷிங்டன் மாநிலத்தில் அரசே பரீட்சையொன்று நடத்திற்று. அடிபட்ட தொழிலாளரில் ஒரு பகுதியினரைக் குறிப்பிட்ட மருத்துவ நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும், மற்றவரைப் பழைய முறையிலும் சிகிச்சை பெறச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டு முறையில் மருத்துவச் செலவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. குணமடைந்த அளவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தொழிலாளரின் மனநிறைவு குறைந்திருந்தது. வேண்டிய மருத்துவரை வேண்டியபோது காண முடியவில்லை என்ற குறை மிகுந்தது. ஒரே திட்டம், பணம் கட்டுபவரின் பக்கமிருந்து பார்த்தால் வெற்றி. படுக்கையில் கிடப்பவரின் பக்கமிருந்து பார்த்தால் அவ்வளவு வெற்றியன்று. நன்மையும் உண்டு, குறையும் உண்டு. இரண்டையும் அறிய முடிந்ததற்குக் காரணம், விற்பவர் சொன்னதை நம்பாமல் இரு பிரிவினரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்ததே.

நம் தோட்டங்களிலும் ஏறத்தாழ இதே நிலை நெடுங்காலமாக உண்டு. முதலாளியின் மருத்துவமனை, முதலாளியின் மருத்துவர், முதலாளியின் சான்று. மலையுச்சியில் வேறு மருத்துவ வசதியே இல்லாத காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரிகள் எத்தனையோ பிரசவங்களையும் காய்ச்சல்களையும் பார்த்து உயிர் காத்திருக்கின்றன. அதை மறப்பது நன்றியன்று. ஆனால் அடிபட்டவர் எத்தனை விழுக்காடு திறனிழந்தார் என்று தீர்மானிக்கும்போது மட்டும், அரசாங்க மருத்துவரின் அபிப்பிராயத்தையும் கேட்டுப் பெறுவது நல்லது. புதிய சட்டத் தொகுப்பின்படி, தோட்ட முதலாளி விரும்பினால் தமது தோட்டத்தை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். இது குறித்துத் தோட்டத் தொழிற்சங்கங்கள் கலந்து பேசுவது நலம்.

கட்டைவிரலின் கணக்கு

நிற்க. முன்னே சொன்ன மில் விஷயத்துக்கு வருவோம். விபத்து நடந்த அன்று அட்டை வேலை செய்தது, அதை மறுக்கவில்லை. மருத்துவமனையில் முன்பணம் கேட்கவில்லை. நான்கு நாளில் அட்டையின் வரம்பு தீர்ந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் மில் கணக்கர் ஒரு தாளோடு வந்தார். "மருத்துவச் செலவை அட்டை கொடுத்துவிட்டது. முதலாளி மனமிரங்கி 40,000 ரூபாய் தருகிறார். இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள்" என்றார். தாள் மலையாளத்தில் இருந்தது. வலக்கை கட்டில் இருந்ததால் அண்ணாச்சி இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்தார்.

இரண்டு மாதம் கழிந்து அவரைக் கண்டபோது, "தம்பி, நீங்க வாசிச்சு நல்ல திட்டம்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் ரேகை வச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே நம்மை மிகவும் வருத்திற்று.

பார்சல் ஆபீசில் நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மூட்டை நசுங்கி வந்திருக்கும். பிரித்துப் பாராமல், "சரியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று வியாபாரி கையெழுத்திட்டு எடுத்துப் போவார். வீட்டில் பிரித்தால் பாதிச் சரக்கு உடைந்திருக்கும். பிறகு வந்து முறையிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும். விவரம் அறிந்தவர் பிரித்துப் பார்த்து, சேதத்தை எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திடுவார். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த நாம், அண்ணாச்சிக்குச் சொல்லத் தவறினோம்.

நல்ல வேளையாக, இழப்பீட்டுச் சட்டம் சரக்குச் சட்டத்தைவிடக் கருணையுடையது. தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923 சட்டத்தின் 17 ஆம் பிரிவு கூறிற்று. அடிபட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும் என்பதும் விதி, காலம் கடக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் வயது 40. அதற்குரிய காரணி 184.17. மாதக் கூலி 15,000 ரூபாய்; அதில் 60 விழுக்காடு 9,000. இரண்டையும் பெருக்க 16,57,530. கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணையில் 30 விழுக்காடு. ஆக, 4,97,259 ரூபாய். கணக்கர் நீட்டியதோ 40,000. பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

இழப்பீட்டு ஆணையரிடம் விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. கூலி 15,000 என்பதை நிரூபிக்கவே பெரும் பாடாயிற்று. சம்பளச் சீட்டு இல்லை. வங்கியில் போட்டதற்கான பதிவு ஆறு மாதத்துக்கு மட்டுமே இருந்தது. அதுவே கைகொடுத்தது. பதினான்கு மாதம் நடந்து, முன்பு கொடுத்த 40,000 கழிக்கப்பட்டு, மீதித் தொகையும் வட்டியும் கட்டப்பட்டன. ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைத் தராத முதலாளி ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி தரவேண்டும் என்பது 1923 சட்டத்தின் விதியாக இருந்தது. அட்டையின் பேரில் மருத்துவமனைக்குப் போன தொகை இழப்பீட்டில் கழிக்கப்படவில்லை. அது முதற் கணக்கு. இது மூன்றாவது கணக்கு. அண்ணாச்சி இன்று ஊர் திரும்பாமல், சித்தூரிலேயே சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். விரல் வரவில்லை, வாழ வழி கிடைத்தது.

நாம் செய்ய வேண்டுவன

எந்தப் பிரசுரம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம். எத்தனையில் எத்தனை? எதனோடு ஒப்பிட்டு? கணக்கெடுத்தவர் யார்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தர இயலாத விகிதாசாரத்தைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தாள் தமிழில் இல்லையாயின், "தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல சரக்கு விற்பவர் அதற்குத் தயங்கமாட்டார். அட்டைக்காகக் கூலியில் பிடித்தம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

விபத்துக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. கூலியை வங்கியில் பெறுங்கள். சம்பளச் சீட்டு கேளுங்கள். வயதுச் சான்றின் நகலை வீட்டில் வையுங்கள். இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று அறிந்து, மனைவி மக்களிடமும் அதைச் சொல்லி வையுங்கள். காண்டிராக்டரிடம் வேலை செய்வோர், பெரிய முதலாளி இன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். காண்டிராக்டர் ஓடிப்போனாலும் அவரிடம் இழப்பீடு கோரச் சட்டத்தில் இடமுண்டு.

விபத்து நடந்தால், அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவமனையில் காயம் பட்டது எப்படி என்று எழுதும்போது "வேலையில்" என்று எழுதச் செய்யுங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று எழுதச் சொல்பவர் நம் நண்பரல்லர். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேர்ந்த விபத்தும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்று புதிய தொகுப்பு கூறுகிறது. ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து எல்லை தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு வரும் நம் சகோதரிகள் இதை முக்கியமாக அறிய வேண்டும்.

உயிரிழப்பு நேர்ந்தால், துக்க வீட்டில் நேரே கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்ததாகக் கருதப்படாது. இழப்பீட்டுத் தொகை உரிய அதிகாரியிடம் கட்டப்பட்டு, அவர் வழியாகவே குடும்பத்தைச் சேர வேண்டும். உடலை ஊருக்கு எடுத்துச் செல்லும் அவசரத்தில், ஆம்புலன்ஸ் கதவருகே நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். ஆறுதல் பணமாகக் கொடுத்தால் பெற்றுக்கொள்ளுங்கள். "கணக்குத் தீர்ந்தது" என்ற வாசகத்தை ஏற்காதீர்கள்.

செயற்குழுவினர் கேட்ட கேள்விக்கு நமது விடை இது. அந்தப் பிரதிநிதிக்குக் கூட்டம் கூட்டித் தரலாம், தடையில்லை. ஆனால் அவர் பேசுமுன், சட்டம் தரும் மூன்று கணக்குகளையும் நம்மவர் ஒருவர் கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். அவர் பேசி முடித்த பின், அவருடைய அட்டை அவற்றுள் எதை, எவ்வளவு தீர்க்கிறது என்பதை அவரையே அப்பலகையில் எழுதச் சொல்ல வேண்டும். மிஞ்சி நிற்கும் கணக்கு யாருடைய பொறுப்பு என்பதைக் கூட்டத்தார் தாமே கண்டுகொள்வார்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியோர். நாம் போடுவது காசு மட்டுமன்று, கையும் காலும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் நாம் வாசகசாலையில் இருப்போம். கையெழுத்துக் கேட்கும் தாள் எதுவாயினும், ரேகை வைக்குமுன் கொண்டுவாருங்கள். இம்முறை எழுத்தை மட்டும் வாசிப்பதோடு நிறுத்தமாட்டோம்.